ஆறியும் தூராத புண்: தமிழர் காதுகுத்து மரபில் பின்பராமரிப்பும் சிட்னி செவன் ஹில்ஸ் வட்டாரத்தில் அதன் இன்றைய நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

காதுகுத்துதலைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் சடங்கையும் அணிகலனையும் தாய்மாமன் உரிமையையும் பேசுகின்றன. குத்திய புண் எவ்வாறு பேணப்பட்டது, யார் பேணினர் என்னும் வினா ஓரத்திலேயே நின்றுவிட்டது. தமிழ் மரபில் காதுகுத்தின் நடுப்பொருள் ஊசியன்று, திரியே என்பதும், அத்திரியைச் சுற்றி அமைந்த வீட்டு அறிவே புலப்பெயர்வில் முதலில் அறுபட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. சுசுருத சங்கிதை, பெரியாழ்வார் திருமொழி, தர்ஸ்டனின் இனவரைவுக் குறிப்புகள், பேச்சுவழக்குச் சொற்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, சிட்னியின் மேற்கில் உள்ள செவன் ஹில்ஸ் வட்டாரத் தமிழரின் இன்றைய நிலை நோக்கப்படுகிறது.

1. முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளரின் மகளுக்கு, செவன் ஹில்ஸை அடுத்த ஒரு கடையில் காது குத்தப்பட்டது. கருவி தூய்மையானது, குத்தியவர் கையுறை அணிந்திருந்தார், பணி ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளும் தரப்பட்டது. நான்காம் நாள் இடப்பக்க மடல் வீங்கியது. ஏழாம் நாள் காதணியின் பின்பிடி தசைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாமற் போயிற்று. மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு அதனை வெளியே எடுத்தார். துளை தூர்ந்தது. மீண்டும் குத்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

செய்தியைத் தொலைபேசியில் கேட்ட பாட்டி வினவியது ஒன்றே: “மூன்றாம் நாள் காதை யார் பார்த்தது?” ஒருவரும் பார்க்கவில்லை. புண்ணைத் தொடக்கூடாது என்று தாள் கூறியிருந்தது. பின்பிடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பாட்டியின் வினாவில் வரும் அந்த ‘மூன்றாம் நாள்’ தற்செயலான சொல்லன்று என்பதை நூல்களைத் தேடத் தொடங்கிய பின்னரே உணர முடிந்தது. அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

2. மூடக்கூடாத புண்

பிற புண்கள் மூடினால் ஆறியதாகப் பொருள். காதுகுத்துப் புண் மூடினால் தோற்றதாகப் பொருள். அது ஆறவும் வேண்டும்; திறந்தும் இருக்க வேண்டும். துளையின் இரு வாய்களிலிருந்தும் மேல்தோல் உள்நோக்கி வளர்ந்து, நடுவில் ஒன்றுகூடி, ஒரு சிறு தோற்குழாயாக அமைவதே இங்கு ஆறுதல் எனப்படுவது. வாய்கள் முதலில் ஆறுவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புண் முடிந்துவிட்டதாகத் தோன்றும். உள்ளே இன்னும் பச்சைப் புண்ணாகவே இருக்கும். காது மடலில் இதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். குருத்தெலும்பு உள்ள மேற்காதில் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகலாம். குருத்தெலும்புக்குத் தனக்கென இரத்தக்குழாய்கள் இல்லாமையே இக்காலநீட்சிக்குக் காரணம். மூக்கு மடலுக்கும் காது மடலைவிடக் கூடுதல் காலம் வேண்டும்.

இவ்வுண்மையைப் பேச்சுத்தமிழ் ஒரே வினைச்சொல்லில் அடக்கிவைத்துள்ளது. அணியாமல் விட்ட காதுத்துளை அடைபடுவதைக் ‘காது தூர்ந்துபோயிற்று’ என்கிறோம். கிணறும் குளமும் வாய்க்காலும் தூர்வதைக் குறிக்கும் சொல்லே இது. கிணற்றைத் தோண்டியதோடு பணி முடிவதில்லை; தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். காதுத்துளையையும் அவ்வாறே தொடர்ந்து காக்கவேண்டிய ஒன்றாகத் தமிழர் கருதினர் என்பதற்கு இவ்வினைச்சொல்லே சான்றாகும்.

அலகு குத்துதலோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். தைப்பூசத்தில் முருகனடியார் கன்னத்திலும் நாவிலும் ஏற்கும் அலகு அன்றே களையப்படுகிறது. அவ்விடத்தில் திருநீறு இடப்படுகிறது. அப்புண் மூட வேண்டிய புண். எனவே அதற்கு நெடுங்காலப் பேணல் மரபு உருவாகவில்லை. காதுக்கு உருவாயிற்று.

3. நூல்களில் திரி

சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் பதினாறாம் அத்தியாயம் காதுகுத்துதலையும் அறுந்த காதை ஒட்டுதலையும் பேசுகிறது. காப்புக்காகவும் அணிக்காகவும் குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் காது குத்த வேண்டும். குழந்தையை மடியில் இருத்தி விளையாட்டுக் காட்ட வேண்டும். மடலைக் கதிரொளிக்கு எதிரே பிடித்து, இயற்கையாக ஒளி ஊடுருவும் இடம் தேர்ந்து, மடல் மெலிதாயின் ஊசியாலும் தடிப்பாயின் குத்தூசியாலும் நேராகக் குத்த வேண்டும் என்கிறது. ஆணுக்கு வலக்காது முதலிலும் பெண்ணுக்கு இடக்காது முதலிலும் குத்தப்படும்.

இதன் பின் வருவதே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. குத்திய துளையில் பஞ்சுத்திரி செலுத்திக் காய்ச்சாத எண்ணெயால் நனைக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை முன்னதைவிடச் சற்றே பருத்த திரியை மாற்றி, மீண்டும் எண்ணெய் விட வேண்டும். குத்தக்கூடாத மூன்று நாளங்களைக் காளிகை, மர்மரிகை, லோகிதிகை எனப் பெயரிட்டு, அவை ஊறுபட்டால் தோன்றும் காய்ச்சல், எரிச்சல், வீக்கம், கட்டி, கழுத்து விறைப்பு, இழுப்பு ஆகியவற்றை நூல் வரிசைப்படுத்துகிறது. இறுதியிற் கூறப்படும் விறைப்பும் இழுப்பும் இன்று இரணஜன்னி எனப்படும் நோயை நினைவூட்டுகின்றன.

கோணலான ஊசியாலோ மிகத் தடித்த திரியாலோ வீக்கமும் வலியும் கண்டால், திரியை உடனே எடுத்துவிட வேண்டும். அதிமதுரம், ஆமணக்கு வேர், மஞ்சிட்டி, வாற்கோதுமை, எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் கூட்டிப் பூசி, நன்றாக ஆறிய பின் மறுபடியும் குத்த வேண்டும். துளையைக் காக்க முற்பட்டுக் காதை இழந்துவிடக்கூடாது என்பதே இவ்விதியின் உட்பொருள். பாட்டியின் ‘மூன்றாம் நாள்’ இந்நூலிலிருந்து நேரே வந்தது என்று நிறுவ இயலாது. ஆயினும் குறித்த இடைவெளியில் திரியை மாற்றும் வழக்கம் இருந்தவரை, குறித்த இடைவெளியில் காதைப் பார்க்கும் வழக்கமும் இருந்தே தீரும்.

தமிழில் இதற்கு ஒப்பற்ற சான்று பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்து, மூன்றாம் திருமொழி. திருமாலின் பன்னிரு திருப்பெயர்களையும் வரிசையாக அமைத்து, யசோதை கண்ணனைக் காது குத்த அழைப்பதாகப் பாடப்பட்டது இது. இதனைக் காதணி விழாப் பாடலாகவே பலரும் காண்பர். கூர்ந்து நோக்கின், இங்கு ஊசியைப் பற்றிய பேச்சைவிடத் திரியைப் பற்றிய பேச்சே மிகுதி. தாய் தருவதாகச் சொல்லும் உறுதி, எரிச்சல் உண்டாகாதவாறு திரி இடுவேன் என்பது. அப்பம் தருவதாக ஆசை காட்டுவதும் திரியிட இசைவதற்காகவே. பலாப்பழம் கடிப்பு அணிந்துகொள்வதற்கான கையுறை. பிள்ளையோ கடிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுகிறான். சேரிப் பிள்ளைகளெல்லாம் காது பெருக்கித் திரிகையில், காது வீங்கி எரியுமோ, தலை நோகுமோ என்று அஞ்சித் தன் பிள்ளையின் காதைப் பெருக்காது விட்டது தன் குற்றமே என்று தாய் தன்னையே நொந்துகொள்கிறாள்.

விழா நாள் ஒன்றே. அதன் பின்வரும் நாள்கள் பல. அப்பன்னாள் பணியின் அச்சம், ஏமாற்று, கெஞ்சல், குற்றவுணர்வு அனைத்தையும் இத்திருமொழி தாயின் வாய்மொழியாகத் தருகிறது. புண் பேணியவள் யார் என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை. ‘எனக்கே காது குத்துகிறாயா?’ என்று இன்று நாம் ஏமாற்றுவோரைக் கேட்கும் மரபுத்தொடரும் தின்பண்டம் காட்டிப் பிள்ளையை ஏய்க்கும் இவ்வழக்கத்தையே நினைவூட்டுகிறது.

4. குறவர், பொற்கொல்லர், வீட்டுப் பெண்டிர்

சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் மடல் தாழ்ந்த காதுகளையும், சிவபெருமானின் ஒரு செவியில் குழையும் மறு செவியில் தோடும் இருப்பதையும் காண்கிறோம். காது வளர்த்தல் அண்மைக்காலம் வரை நெல்லை, மதுரை வட்டாரங்களில் உயிர்ப்போடு இருந்தது. பாம்படமும் தண்டட்டியும் அணிந்த மூதாட்டியரை நம்மில் பலர் கண்டிருப்போம். எட்கர் தர்ஸ்டன் 1906-ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்திய இனவரைவுக் குறிப்புகளிலும், 1909-ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளிவந்த குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் இவ்வழக்கங்கள் பதிவாகியுள்ளன. காதுகுத்துக் குறவர் என்னும் பெயரையும் அவர் குறிப்பிடுகிறார். துளையிட்டு, பஞ்சு வைத்து, துளை விரிந்த பின் ஈய வளையம் இட்டு, படிப்படியாக மடலைத் தாழச் செய்வது இத்தொழிலாளரின் முறை. ஓலைச்சுருளும் இதற்குப் பயன்பட்டது. சுருட்டிச் செருகிய ஓலை தானே விரிய முயல்வதால் துளையும் மெல்ல விரிந்தது.

பிற இடங்களில் இப்பணி பொற்கொல்லருடையது. தமிழ்நாட்டில் ஆசாரியும் யாழ்ப்பாணத்தில் பத்தரும் மெல்லிய பொற்கம்பியால் குத்தி, அக்கம்பியையே வளைத்து வளையமாக விட்டனர். இங்கு நாம் கருதவேண்டிய ஒன்று உண்டு. வளைந்த கம்பிக்குப் பின்பிடி இல்லை. மடல் வீங்கினாலும் அழுத்துவதற்கு ஒன்றுமில்லை. புண்ணீர் வடியவும் வழி உண்டு. இன்றைய குத்துக்கருவி இடும் குமிழ்க்காதணி மடலை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கிறது. அணியின் வடிவம் மாறியபோதே புண்ணின் இடரும் மாறிவிட்டது. பின்பிடி புதைதல் என்னும் சிக்கல் பழைய வீட்டு அறிவில் இடம்பெறாமைக்கும் இதுவே காரணமாகலாம்.

குத்தியவர் கூலியும் வெற்றிலை பாக்கும் பெற்றுச் சென்றபின் புண் வீட்டுப் பெண்டிரின் பொறுப்பாயிற்று. மஞ்சளும் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெயும் தடவுதல், வேப்ப ஈர்க்கைத் துளையிற் செருகுதல், உறங்கும்போது குழந்தையை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தல், தலைக்கு ஊற்றும்போது காதை மூடிக்கொள்ளுதல் என்பன அவர்களின் முறைகள். எங்கும் எழுதப்படாத இவ்வறிவு, காதைப் பார்த்த கண்ணிலும் தொட்ட விரலிலும் தங்கியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் காது வளர்த்தல் அருகியது. தொங்கும் மடலை அறுத்துத் தைத்துக்கொண்டு சிறு கம்மல் அணிந்த பெண்டிரும் உண்டு. அறுந்த மடலை ஒட்டப் பதினைந்து முறைகளைச் சுசுருத சங்கிதை கூறியிருப்பதை நோக்க, இதுவும் பழைய கலையொன்றின் மறுவருகையே.

5. செவன் ஹில்ஸ் வட்டாரம்

செவன் ஹில்ஸ் சிட்னி நகர நடுவத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேற்கே, பெரும்பகுதி பிளாக்டவுன் மாநகராட்சியில் அமைந்த புறநகர். டூங்கேபி, பெண்டில் ஹில், வென்ட்வர்த்வில் என இரயில் பாதையை ஒட்டித் தொடரும் ஊர்களில் ஈழத்தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் செறிந்து வாழ்கின்றனர். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973-இல் முற்றிலும் கைவிடப்பட்டதும், 1983 சூலைக் கலவரமும், பின்னர்த் தகவல் தொழில்நுட்பத் துறையினரின் வருகையும் இக்குடியேற்றத்தின் மூன்று படிகள். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000-க்கும் மேல். எலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலும் மேஸ் ஹில்லில் உள்ள சிட்னி முருகன் கோயிலும் முடியிறக்கம், காதணி விழா முதலிய சடங்குகளுக்கு இடமளித்தன. சடங்கு கடல் கடந்து வந்தது. மடியில் இருத்தும் தாய்மாமன் வர இயலாதபோது விமானச்சீட்டு எடுத்தேனும் வரவழைக்கப்பட்டார். ஆனால் மூன்றாம் நாள் காதைப் பார்க்கும் கண் வரவில்லை.

இங்கு குத்துதல் மூவகையாக நிகழ்கிறது. முதலாவது, மருந்துக்கடையிலோ நகைக்கடையிலோ துளையிடும் நிலையத்திலோ முன்கூட்டியே குத்திவிட்டு, விழாவைப் பின்னர் அணி மாற்றும் நிகழ்வாக நடத்துவது. இரண்டாவது, குடும்ப மருத்துவரிடம் குத்திக்கொள்வது. மூன்றாவது, ஊருக்குச் செல்லும்போது குலதெய்வக் கோயிலில் குத்துவது. இம்மூன்றாம் வகையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆஸ்திரேலியப் பணியாளரின் ஆண்டு விடுப்பு 4 வாரம்; மடல் ஆற 6 வாரத்துக்குக் குறையாது. குத்திய கையும் பேணத் தெரிந்த கண்ணும் ஊரிலேயே தங்கிவிட, பாதி ஆறிய புண் மட்டும் விமானம் ஏறுகிறது. கோடை விடுமுறையில் குத்தினால் நீச்சற்குளம் குறுக்கிடுகிறது; புதுப்புண்ணைக் குளத்து நீரிலும் கடல் நீரிலும் அமிழ்த்தலாகாது.

நியூ சவுத் வேல்ஸின் 2010-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் காதுகுத்துதலைத் தோல் ஊடுருவும் செயல்களுள் ஒன்றாக வைக்கிறது. இத்தொழில் நடைபெறும் இடம் உள்ளாட்சி மன்றத்தின் பதிவுக்கும் ஆய்வுக்கும் உட்பட்டது. ஊசி நுண்ணுயிர் நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இவை பெரும் நன்மைகள். இருப்பினும் சட்டத்தின் பார்வை பெரிதும் குத்தும் கணத்தின்மீதும் குத்தும் இடத்தின்மீதும் விழுகிறது. அதன் பிறகு வரும் 6 வாரம் மீண்டும் வீட்டின் பொறுப்பே. வேறுபாடு யாதெனில், அவ்வீட்டில் இப்போது பாட்டி இல்லை.

6. இரு அறிவுகளின் உரசல்

பாட்டியின் முறையும் அச்சிட்ட தாளும் மோதும் இடங்களை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்; மரபு என்பதனாலேயே எல்லாம் காக்கத்தக்கதன்று. வீட்டு மஞ்சட்பொடி நுண்ணுயிர் நீக்கப்பட்டதன்று. துகள் துளைக்குள் தங்கும். எண்ணெய்ப் பூச்சு அழுக்கைப் பிடித்துவைக்கும். வேப்ப ஈர்க்கின் சிராய் பச்சைத்தோலைக் கீறும். இவற்றுக்கு மாற்றாக, லிட்டருக்கு 9 கிராம் உப்புடைய தூய உப்புநீரால் நாளும் துடைத்து உலரவிடுவதே இன்றைய மருத்துவப் பரிந்துரை. அணியைத் திருகிக்கொண்டே இருத்தல் ஒருகாலத்தில் கடைகளிலும் கூறப்பட்ட அறிவுரை. உள்ளே வளரும் மெல்லிய தோலை அது கிழிப்பதால் இன்று தவிர்க்கப்படுகிறது.

புதுமை என்பதனாலேயே எல்லாம் இடரற்றதும் அன்று. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கடையில் மேற்காது குத்திக்கொண்டோரிடையே சூடோமோனாசு என்னும் நுண்ணுயிர்த் தொற்று பரவியது. ஆய்ந்தபோது, அக்கடையின் கிருமிநீக்கி நீர்மப் புட்டியே மாசடைந்திருந்தது. உறுதிசெய்யப்பட்ட எழுவரும் குருத்தெலும்பில் குத்திக்கொண்டவர்கள். அத்தகைய தொற்று குருத்தெலும்பை அழித்துக் காதின் வடிவையே குலைக்கவல்லது. தமிழ் இளைஞரிடையே மேற்காதிலும் மூக்கிலும் குத்தும் விருப்பம் வளர்ந்துவரும் இந்நாளில் இது கருதத்தக்கது. மடலுக்கு உரிய பாட்டி அறிவு மேற்காதுக்குப் போதாது. மடலுக்கு உரிய கருவியும் மேற்காதுக்கு ஆகாது.

உலோகத்திலும் மரபுக்கு ஒரு நல்லிடம் உண்டு. புதுக்காதுக்குப் பொன்னே வேண்டும் என்னும் வீட்டுப் பிடிவாதம் வெறும் ஆடம்பரமன்று. மலிவான அணிகளில் உள்ள நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமை தருவது. உடலில் பொருத்தும் தரமுடைய டைட்டேனியம் இன்று பொன்னுக்கு இணையாகவோ மேலாகவோ பரிந்துரைக்கப்படுகிறது. தழும்பு மேலெழுந்து கட்டியாக வளரும் இயல்பு கருந்தோலினரிடம் கூடுதல். குடும்பத்தில் எவருக்கேனும் அவ்வாறு நேர்ந்ததுண்டா என்பதைக் கடைக்காரர் அறியார். வீட்டு மூத்தோர் அறிவர். இரணஜன்னித் தடுப்பூசிகள் போடப்பட்ட பின்னரே குழந்தைக்குக் காது குத்துதல் நலம் என்பதை மருத்துவர் அறிவார், பஞ்சாங்கம் அறியாது.

இவ்வாறு கழிப்பன கழித்தபின் பழைய முறையில் எஞ்சுவது எது? மஞ்சளன்று, எண்ணெயும் அன்று. முறைவைத்துக் காதைப் பார்க்கும் பழக்கம், வீக்கம் கண்டால் அணியைக் காட்டிலும் காதே பெரிதெனத் துணியும் தெளிவு, வெளியே ஆறியது கண்டு ஏமாறாத பொறுமை ஆகிய மூன்றுமே எஞ்சுகின்றன. இம்மூன்றும் திரியோடு பிறந்தவை. திரி போனாலும் இவை போகவேண்டுவதில்லை.

7. முடிவுரை

காதுகுத்து மரபின் வரலாற்றைக் குத்திய நாளோடு முடித்துவிட்டால், அம்மரபின் பெரும்பகுதியைப் பெண்டிரின் கைகளோடு சேர்த்து மறந்துவிடுகிறோம். சுசுருதரின் திரி, யசோதையின் கெஞ்சல், குறவர் கையிலிருந்த பஞ்சு, பாட்டியின் மூன்றாம் நாள் ஆகிய அனைத்தும் ஒரே அறிவின் படிகள். புலம்பெயர்ந்த நாட்டில் சடங்கு செழிக்கவும் அவ்வறிவு மெலியவும் காரணம், சடங்குக்கு மண்டபம் கிடைத்ததும் பேணலுக்கு வீட்டில் ஆள் கிடைக்காததுமே.

இதற்குத் தீர்வு அரிதன்று. கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் மருத்துவத் துறையினரின் துணையோடு ஒரு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை உருவாக்கலாம். உப்புநீர், பின்பிடிக்கு இடைவெளி, மூன்று நாளுக்கு ஒருமுறை நல்வெளிச்சத்தில் காதைப் பார்த்தல், பரவும் சிவப்போ சீழோ காய்ச்சலோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுதல் என்னும் நான்கு செய்திகள் அதில் போதும். காதணி விழா அழைப்பிதழோடு அத்தாளும் சென்றால், மொய்யெழுத வருவோரில் ஒருவரேனும் மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்.

இக்கட்டுரையாளரின் மகளுக்கு இரண்டாம் முறை குத்தியபோது, பாட்டி காணொளியில் இருந்தார். மூன்றாம் நாள் காலை, சன்னலோரம் வெயிலில் மடலைப் பிடித்துக் காட்டச் சொன்னார். பின்பிடியைச் சற்றே தளர்த்தச் சொன்னார். மஞ்சள் வேண்டாம் என்பதற்கு முதலில் முகம் சுளித்தார், பின்னர் இசைந்தார். எட்டாம் வாரம் துளை ஆறியிருந்தது, தூரவில்லை.